கப்பலூரில் ஒரு படகு

பெயரிலேயே கப்பல் இருக்கும் ஊருக்கு
பதினெட்டடிப் பாய்மரப் படகை
டிரெய்லரில் இழுத்து வந்தேன்.
டோல்கேட்டில்
இதற்கு எந்தக் கட்டணம் என்று
மூன்று பேர் கூடிப் பேசினார்கள்.
லேத் பட்டறையில்
முதல் நாளே சிரித்து முடித்துவிட்டார்கள்.

தோள்தான் காரணம்.
மண்டபத்தில் ஆனி மாதக் கச்சான் அடிக்க
நங்கூரத்தைக் கையால் இழுத்த அன்று
உள்ளே ஏதோ நூல் பிரிந்தது.
எக்ஸ்ரே எடுப்பதுதான் என் வேலை.
என்னையும் எடுத்துப் பார்த்தார்கள்:
எலும்பு சுத்தம்.
வலி படத்தில் விழவில்லை.

சேவுகப்பெருமாள் நெல் அறுக்கும் வண்டிக்கு
ஷாஃப்ட் கடைகிறவர்.
மிக்ஸி வந்த அட்டையில்
அணியத்துக்கு அச்சு வெட்டினேன்.
ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கேட்டார்:
‘இது எந்தப் பக்கமா இழுக்கும்?’
‘எல்லாப் பக்கமும்.’
பதில் இல்லை.
மறுநாள் வந்தபோது
தளத்துக்கு அடியில் வைக்க
இன்னொரு தகடு அறுத்திருந்தார்,
முதல் தகட்டைவிடத் தடிப்பாக.

தளத்தில் டிரில் இறங்கியதும்
வெள்ளைத் தூள் வந்தது,
பிறகு பழுப்பு, ஈரமாக.
விரலில் எடுத்து மோந்தேன்.
மண்டபம்.
அழுகியதைச் சுரண்டி எடுத்து
ஓட்டையில் எபாக்ஸி நிரப்பி
ஒரு ராத்திரி காயவிட்டு
அதே இடத்தில் மறுபடியும் ஓட்டை.

முன்கம்பி இடிக்கும் என்பதால்
உருளை பன்னிரண்டு மில்லி வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்தது.
அப்படியானால் சக்கரமும் தள்ள வேண்டும்,
சங்கிலி கோணினால் பல்லை விட்டுத் துள்ளும்.
அடியில் வைக்கும் தேக்கு ஆப்பை
மூன்று தரம் சீவினோம்.
நான்காம் தரம் நான்தான் கெடுத்தேன்.
புது ஆப்பு.

சங்கிலி அறைக்குள் நுழைய
கலிபுல்லாவுக்கு மட்டும்தான் உடம்பு இருந்தது.
‘அக்கா, நட்டு பிடிச்சாச்சு’ என்ற குரல்
நங்கூரம் உட்காரும் வாய் வழியாக வந்தது.

சோதிக்க ஆழம் வேண்டும்.
கப்பலூரில் அது பெயரோடு சரி.
செக்கானூரணிக்கு உள்ளே,
ஒச்சம்மாளின் கத்தரித் தோட்டத்துக் கிணறு.
அறுபதடி.
ஒரே நிபந்தனை:
‘எதையும் உள்ள விட்டுட்டுப் போகக் கூடாது.’

விளிம்புவரை டிரெய்லரைத் தள்ளி
சக்கரத்துக்குக் கல் வைத்தோம்.
கால் சுவிட்சை மிதித்தேன்.
சங்கிலி இறங்கியது, கிணறு முழுக்க இரைச்சல்,
புறாக்கள் கிளம்பின,
ஐந்து மீட்டருக்கு ஒரு சிவப்புப் பூச்சு
ஒன்று, இரண்டு, மூன்று.
பிறகு மேலே.
இரண்டாம் சிவப்பு தெரியும் முன்
மோட்டாரின் குரல் தாழ்ந்தது.
அணியம் குனிந்தது.
கல் நகர்ந்தது.
பிரேக்கர் விழுந்தது.

எல்லோரும் டிரெய்லரின் வாலில் தொங்க
சேவுகப்பெருமாள் மட்டும்
உருளையின் அருகே முகத்தை வைத்துச் சொன்னார்:
‘வெல்டு நிக்குது.’

சங்கிலியின் பாரத்தைக் கொக்கிக்கு மாற்றினேன்.
மோட்டார் இழுக்கத்தான், தாங்க அல்ல.
அப்புறம், கடலில் செய்வதையே செய்தோம்:
தளர்த்திவிட்டு
வேறு பக்கம் போய் இழுப்பது.
வாய்க்காலில் நின்றவர்களும் வந்து தள்ள
படகு கிணற்றைக் கால்வட்டம் சுற்றியது.

வந்தது.
கொளுவியில் சேறு,
சேற்றுக்குள் ஒரு ஃபுட்வால்வு.
ஒச்சம்மாள் அதைக் குழாயடியில் கழுவி
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
‘போன வருசம் போனது.
இதோட இருபதடி பைப்பும் போச்சே,
அதையும் எடுத்துக் குடுத்துட்டுப் போங்க.’

மறுபடி மிதித்தேன்.
பொழுது சாயும்வரை
நங்கூரம் பைப் தேடியது.
இடுப்பில் கை வைத்து
உள்ளே எட்டிப் பார்த்தபடி கேட்டார்:
‘கடல் இதைவிட எத்தன மடங்கு ஆழம்?’

‘நான் நிறுத்துற இடத்துல
இதுல கால்வாசி இருக்கும்.’

என்னை ஒரு பார்வை பார்த்தார்.
கிணற்றை ஒரு பார்வை.
‘அதுக்கா இம்புட்டும்?’